ஒக்கவாங்கோவுக்கு இரண்டு முடிவுகள்

குளித்து முடிந்ததும் தொட்டியின் அடைப்பைத் தானே பிடுங்க வேண்டும் என்று என் மகன் அடம்பிடிப்பான். அவனுக்கு நான்கு வயது. தண்ணீர் சுழன்று இறங்குவதைக் கடைசித் துளி வரை பார்த்திருந்துவிட்டுத்தான் துவாயைச் சுற்றவிடுவான். சென்ற வாரம், "இது எங்க போகுது?" என்று கேட்டான். "கடலுக்கு" என்றேன். அவன் திருப்தியாகத் தலையாட்டினான். எனக்குத்தான் திருப்தி வரவில்லை. அவனுக்கு உடுப்பு மாட்டிவிட்டுக் கைத்தொலைபேசியில் தேடினேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் கடல். அப்படியென்றால் நான் சொன்னது பொய்யா, பாதிப் பொய்யா, நான்கு வயதுக்குப் போதுமான உண்மையா? கூப்பிட்டுத் திருத்துவதா, விட்டுவிடுவதா என்று துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் இப்படித்தான். காய்ச்சல் பார்த்த கருவியை நம்பாமல் இன்னொரு தடவை பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மெல்பேர்னுக்குக் கல்யாணமாகி வந்த பிறகு இந்தக் குணம் கூடியிருக்கிறது என்று கணவர் சொல்கிறார். எனக்கு என்னவோ, சிட்னியில் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கடலுக்குப் போகாத ஓர் ஆற்றைப் பெரியம்மா கடலுக்கு அனுப்பினாரே, அன்றைக்குத் தொடங்கியது என்றுதான் தோன்றுகிறது.

அப்போது நாங்கள் பென்டில் ஹில்லில் இருந்தோம். அம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டு பெண்கள். மூத்தவர் பெரியம்மா, மெரிலேண்ட்ஸில் இருந்தார். கடைசித் தங்கை சித்தி, மாணவர் விசாவில் வந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். பெரியம்மாவுக்கும் சித்திக்கும் இடையில் ஒரு தாய்க்கும் மகளுக்கும் இருக்கக்கூடிய வயது வித்தியாசம். சித்திக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது பெரியம்மாதான் என்பார்கள்.

பெரியம்மா பூகோள ஆசிரியை. பெரியப்பாவுக்கு வேலை கிடைத்து அவரோடு போட்ஸ்வானாவுக்குப் போய், மவுன் என்ற ஊரில் வெகுகாலம் படிப்பித்தவர். சிட்னிக்கு வந்த பிறகு விமானங்களுக்குச் சாப்பாடு பொதிசெய்யும் இடத்தில் வேலை பார்த்தார். ஜொகானஸ்பேர்க் போகும் தட்டுகளைத் தன் கையாலேயே அடுக்குவதாகச் சொல்வார். "நான் போகாட்டியும் என்ர பருப்புக்கறி போகுது" என்பார். வேலை மாறினாலும் ஆசிரியைத்தனம் மாறவில்லை. தமிழ் வானொலியில் ஒருவர் ஏதோ மலையின் உயரத்தைப் பிழையாகச் சொன்னார் என்று நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துத் திருத்தியவர் அவர். யாருடைய பிழையையும் அவரால் சும்மா விட முடியாது. கைக்குழந்தை தலையைத் திருப்பினால்கூட, "அந்தப் பக்கம் மேற்கு" என்று சொல்லக்கூடியவர் என்று அப்பா கேலி செய்வார்.

அந்த வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு எங்கள் வயதுப் பிரிவுக்குக் கொடுத்த தலைப்பு 'நான் விரும்பும் ஆறு'. போட்டி எப்படி நடக்கும் என்று இங்கே பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். பேச்சைப் பெரியவர்கள் எழுதுவார்கள், பிள்ளைகள் பாடமாக்குவார்கள். எழுதுகிறவர்கள் தங்கள் தமிழை எல்லாம் அதில் இறக்கிவைப்பார்கள். சொல்கிற பிள்ளைக்குப் பாதி விளங்கும். அதற்கு முந்தைய வருடம் எனக்கு மூன்றாம் இடம். இந்த முறை கேடயம் எனக்குத்தான் என்று நான் முடிவெடுத்திருந்தேன்; வரவேற்பறை அலுமாரியில் அதற்கு ஓர் இடம்கூடப் பார்த்துவைத்திருந்தேன்.

நான் பரமட்டா ஆற்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். அதில் படகில் போயிருக்கிறேன்.

"அது ஆறோ? வாய்க்கால்" என்றார் பெரியம்மா.

"யாழ்ப்பாணத்தில அதுவும் இல்லையே" என்றார் அப்பா.

"அதுதான் சொல்லுறன். ஆறில்லாத ஊரில பிறந்த ஆக்களெல்லாம் இண்டைக்கு மகாவலி, காவிரி எண்டு எழுதப் போகினம். ஒருத்தரும் கண்டதில்லை. நான் கண்ட ஆறு ஒண்டு இருக்கு. அதை நான் எழுதித் தாறன்."

அப்படித்தான் ஒக்கவாங்கோ எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அதே வாரத்தில்தான் சித்தப்பாவின் கடைசி அழைப்பும் வந்திருந்தது. சித்தப்பா என்றால் சித்தியின் கணவர். கல்யாணம் முடித்துச் சித்தி மட்டும் படிக்க வந்துவிட, அவர் வன்னியில் அகப்பட்டுக்கொண்டார். யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, மலேசியா போய், அங்கிருந்து இந்தோனேசியா போய்விட்டார். "நாளைக்குப் படகு ஏறுறம்" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. படகில் வருகிறவர்களை அவுஸ்திரேலியா அடைத்துவைக்கும் கிறிஸ்மஸ் தீவில் இறங்கினால், ஒரு தடவை பேசவாவது விடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு தடவைக்காக வீடு முழுவதும் காத்திருந்தது. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: சித்தப்பா வந்துகொண்டிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

வீட்டுத் தொலைபேசியில் யாரும் அதிகம் கதைக்க முடியாது. லண்டனிலிருந்து மாமி எடுத்தால் அம்மா, "ஓம் மாமி, சுகம் மாமி, வைக்கிறன் மாமி" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். சித்தியின் கைத்தொலைபேசி எப்போதும் அவர் கையில் இருந்தது. சமைக்கும்போது இடது கையில், குளிக்கப் போனால் குளியலறை ஜன்னல் விளிம்பில். முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும்போது அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவதா, கொண்டுபோவதா என்று வாசலில் நின்று தடுமாறுவார். வீட்டில் இருக்கும்போது அவரால் உட்கார முடியவில்லை. கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினார். பின்வளவுக் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து, மடிக்காமல், திரும்பவும் கொழுவினார்.

பெரியம்மா பேச்சை எழுதிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை குசினியில் எல்லோரும் இருந்தோம். நான் தாளைப் பார்த்து வாசித்தேன். ஆறு அங்கோலாவின் மலைநாட்டில் பிறக்கிறது. நமீபியாவின் ஒடுங்கிய நிலத்தைக் கடந்து போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. பிறகு கையை விரித்துவைத்ததுபோலக் கிளை கிளையாகப் பிரிந்து, கோரைப் புல்லும் அல்லியும் நிறைந்த பெரிய நீர்வெளியாகிறது. இதையெல்லாம் பெரியம்மா 'பச்சைப் பட்டாடை', 'பளிங்கு நீர்' என்று எழுதியிருந்தார். நடுநடுவே நிறுத்தித் தன் வாயாலும் சொன்னார். அதுதான் எனக்கு விளங்கியது.

"நீர்யானை ஒவ்வொரு நாளும் ஒரே வழியால நடக்கும். அது நடந்து நடந்து புல்லுக்குள்ள பாதை வரும். பிறகு அந்தப் பாதையால தண்ணி வரும். அப்ப அது வாய்க்கால். அங்க கால்வாய் வெட்டுறது ஆர்? நீர்யானை. தீவு கட்டுறது ஆர்? கறையான். கறையான் புத்துக் கட்ட, அதில மரம் முளைக்க, அது தீவு."

"சம்பளம் ஆர் குடுக்கிறது?" என்றார் அப்பா.

"என்ர தோட்டம் குடுத்தது. ஒருநாள் விடிய எழும்பிப் பாத்தால் வெண்டிக்காய் ஒரு பாத்தி முழுக்க இல்லை. வட்டிலளவு கால் தடம். யாழ்ப்பாணத்து விதை, தெரியுமோ. பொறுக்கி எடுத்துக் கொண்டுபோன விதை."

சித்திகூடச் சிரித்தார். நான் தொடர்ந்து வாசித்தேன். யானைகள் நீரைக் கடக்கின்றன. லெச்வே என்ற செம்மான்கள் முழங்காலளவு தண்ணீரில் பாய்கின்றன. மீன்கழுகு மரத்தின் உச்சியிலிருந்து கூவுகிறது. கடைசிப் பந்திக்கு வந்தேன்.

"ஆயினும் அந்த ஆறு கடலைக் காண்பதில்லை. கலஹாரியின் மணல் அதனைக் குடித்துவிடுகிறது. போன நீர் போனதுதான். அதன் சுவடும் எவர்க்கும் கிடைப்பதில்லை."

சித்தி துருவிக்கொண்டிருந்த தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கொடியிலிருந்த உடுப்புகளைக் கழற்றத் தொடங்கினார்.

"பெரியக்கா, உங்களுக்கு வேற ஆறு கிடைக்கேல்லையே?" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

"நான் என்னடி செய்ய? ஆறு அப்பிடித்தான் போகுது."

அவர் குரலும் தாழ்ந்துதான் இருந்தது. பேச்சு நல்லாயில்லை என்று சித்தி எழும்பிப் போய்விட்டதாக நான் நினைத்து, இன்னும் உரத்த குரலில் ஒரு தடவை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றார்.

பாடமாக்குவது எனக்குக் கஷ்டமில்லை. அடுத்த ஞாயிறு பெரியம்மா வருவதற்குள் முழுப் பேச்சும் வாய்க்கு வந்துவிட்டது. அவர் வந்து, காலணியைக் கழற்ற முதலே, கைப்பைக்குள்ளிருந்து சிறு தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கடைசிப் பந்தியை மறந்திடு. இதைப் பாடமாக்கு."

புதிய பந்தியும் பழையதைப் போலவேதான் தொடங்கியது. "ஆயினும் அந்த ஆறு ஓய்வதில்லை. மணலின் அடியிலும் வழி தேடுகிறது. காலம் தாழ்த்தியேனும் கடலைச் சென்று சேர்கிறது. வந்து சேரும் நீரை வரவேற்கக் கரைகள் காத்திருக்கின்றன."

"பட் பெரியம்மா, அட்லஸில அது கடலுக்குப் போகேல்லையே." அந்த அட்லஸை என் பிறந்தநாளுக்குத் தந்ததே அவர்தான்.

"அட்லஸ் பழசு."

"நீங்கள்தான் போன கிழமை சொன்னீங்கள்."

"இந்தக் கிழமை இதைச் சொல்லுறன். பெரியாக்கள் சொன்னால் செய்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிழை திருத்தும்போது முகத்துக்கு நேரே பார்த்துத் திருத்துகிறவர், அன்று காலணியின் வாரைக் கழற்றுவதில் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். நான் கீழ்ப்படிகிற பிள்ளை. ஆனால் மனம் கீழ்ப்படியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூட நூலகத்தில் புதிய அட்லஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஆறு பாலைவனத்தின் ஓரத்தில் நீல விரல்களாகப் பிரிந்து நின்றுவிட்டது. கடல் எங்கேயோ தூரத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பெரியம்மா எழுதினபடி சொல்லு. கேள்வி கேக்காதை" என்றார் அம்மா. எது சரி, எது சொல்ல வேண்டியது என்று இரண்டும் வேறாக இருக்க முடியும் என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது.

போட்டிக்கு முன்பு வந்த மாலைகளில் சித்தி நடக்கப் போவார். தனியே விட வேண்டாம் என்று அம்மா என்னையும் அனுப்புவார். குளிர்காலம். பென்டில் ஹில் ரயில் நிலையத்தைத் தாண்டி, பலசரக்குக் கடைகளைத் தாண்டி, வீடுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடப்போம். சித்தி வேகமாக நடப்பார். நான் பின்னால் ஓடி ஓடிப் பேச்சைச் சொல்வேன். அவருக்கு ஒரு பகுதி பிடித்திருந்தது.

"அந்தத் தண்ணி வாற இடத்தைத் திருப்பிச் சொல்லு" என்பார்.

மவுனில் வெள்ளம் வரும் இடம் அது. அங்கோலாவில் மழைக்காலத்தில் பெய்த மழை, நாடு விட்டு நாடு வந்து, புல்லுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் ஊர்ந்து, அரை வருடம் கழித்து மவுனுக்கு வருகிறது. அப்போது அங்கே மழையே இல்லை. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. ஊரார் காய்ந்த ஆற்றுப் படுகையில் போய் நின்று பார்ப்பார்கள். பெரியம்மாவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளம் என்றால் பாய்ந்து வருமென்று நினைக்கக் கூடாதாம். காய்ந்த இலைகளையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு குழந்தை தவழும் வேகத்தில் வருமாம். அதற்கு முன்னால் பூச்சிகள் ஓட, பூச்சிகளைப் பிடிக்கக் கொக்குகள் ஓட, கொக்குகளைத் துரத்திப் பிள்ளைகள் ஓடுவார்களாம்.

"அவ்வளவு நாளும் இடையில அந்தத் தண்ணியை ஒருத்தரும் காணேல்லையோ?" என்று ஒருநாள் சித்தி கேட்டார்.

"ஹிப்போ காணும் சித்தி."

அவர் நின்று என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்தபடியே கைத்தொலைபேசியின் திரையைத் தட்டிப் பார்த்தார். நாங்கள் திரும்பவும் நடக்கத் தொடங்கினோம். கடைசிப் பந்தியை மட்டும் அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. நான் அதற்கு வரும்போது, "சரி, இவ்வளவு காணும், வீட்டை வந்திட்டம்" என்பார். வீடு இன்னும் ஒரு தெரு தள்ளியிருக்கும். அதனால் பேச்சின் முடிவு மாறியது அவருக்குத் தெரியாது.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பட்டுப் பாவாடைகள், அதன் மேல் குளிர்ச்சட்டைகள், பின்வரிசையில் தேநீரும் ரோல்ஸும். எனக்கு முன்னால் பேசியவர்களில் மகாவலி அநேகம் தடவை ஓடியது. கங்கையும் காவிரியும் ஓடின. நடுவர் மூவரில் நடுவில் இருந்த அங்கிளை நான் முன்பே கண்டிருக்கிறேன். அவரும் ஆபிரிக்காவில் படிப்பித்தவர் என்று பெரியம்மா அடிக்கடி சொல்வார், சொல்லும்போதெல்லாம், "கணக்கு வாத்தி. ஆனால் எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைப்பார்" என்றும் சேர்த்துக்கொள்வார். அவருக்கு அந்த ஆறு தெரிந்திருக்குமே.

மேடையில் ஏறினேன். அவைத் தலைவரையும் நடுவர்களையும் வணங்கினேன். ஆறு அங்கோலாவில் பிறந்தது. நீர்யானைகள் வழி வெட்டின. கறையான்கள் தீவு கட்டின. மவுனில் வெள்ளம் தவழ்ந்து வந்தது. மண்டபம் அமைதியாகக் கேட்டது. நடுவில் இருந்த அங்கிளின் முகத்தில் ஒரு மெல்லிய மகிழ்ச்சி படர்வதைக்கூடக் கண்டேன். நேரம் முடியப்போகிறது என்று முதல் மணி அடித்தது.

"ஆயினும் அந்த ஆறு..." என்று சொன்னேன். நின்றுவிட்டேன்.

இரண்டு முடிவுகளும் அந்தச் சொற்களில்தான் தொடங்கின. முதலில் பாடமாக்கியது பழையது. வாய் தானாக அதற்குத்தான் போகப் பார்த்தது. அதுதான் அட்லஸில் இருப்பது. அதுதான் நடுவருக்குத் தெரிந்தது. கேடயமும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டாம் வரிசையில் பெரியம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. 'ஓய்வதில்லை' என்று அசைந்தன. அவருக்குப் பக்கத்தில் சித்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் கைத்தொலைபேசியை வைத்து அழுத்திக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிப் போகத் தயாரானவர்போல ஒரு காலை வெளியே எடுத்துவைத்திருந்தார்.

பெரியவர்கள் சொன்னால் செய்ய வேண்டும். "...ஓய்வதில்லை" என்றேன். ஆற்றைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கைதட்டினார்கள். சித்தி நிமிர்ந்தார். பேசியது நான், ஆனால் அவர் திரும்பிப் பார்த்தது பெரியம்மாவை. பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. மேடைக்கு மேலே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசளிப்புக்கு முன் அந்த அங்கிள்தான் நடுவர்கள் சார்பில் கருத்துச் சொன்னார். மைக் அவர் கைக்குப் போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒக்கவாங்கோ பற்றிப் பேசின பிள்ளை அருமையாப் பேசினது. உச்சரிப்புக்கு முழுப் புள்ளி. ஆனால் நானும் அந்த நாட்டில குப்பை கொட்டினவன். அந்த ஆறு கடலுக்குப் போறேல்லை எண்டு அங்க ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். எழுதிக் குடுத்த ரீச்சர் இதிலதான் இருக்கிறா." அவர் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ரீச்சர், நீங்கள் மவுனில படிப்பிச்சனீங்களோ, மெரீனாவில படிப்பிச்சனீங்களோ?"

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "அந்த ஆறு ரீச்சருக்குப் பயந்து போயிருக்கும்" என்றார்கள். அதற்கும் சிரித்தார்கள்.

பெரியம்மா எழுந்து நின்றார். ஒரு மலையின் உயரத்துக்காக வானொலி நிலையத்தோடு சண்டைபிடித்தவர் இவரை என்ன செய்யப் போகிறாரோ என்று நான் ஆவலோடு பார்த்தேன். ஆறு மணலுக்கு அடியால் போவதாக ஏதாவது புதிய கண்டுபிடிப்பைச் சொல்வார், கேடயம் திரும்பி வரும் என்றுகூட நம்பினேன்.

"பிழை என்ரதுதான்" என்றார். "வயசு போனால் மறதி வரும். பிள்ளையின்ர புள்ளியைக் குறைக்காதேங்கோ."

அவர் உட்கார்ந்துவிட்டார். கருத்துக்கென்று தனிப் புள்ளிகள் இருந்தன, அவை குறைந்தன. கேடயம் துங்காபியிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் போனது. அவன் பேசியது மகாவலியைப் பற்றி. நடுவில் ஒரு தடவை மறந்துபோய்த் தாயைப் பார்த்தவன். எனக்குப் பங்குபற்றியமைக்கான சான்றிதழ் தந்தார்கள்.

காரில் ஏறினோம். பின்னிருக்கையில் நான் ஒரு கரையில் இருந்து அழுதேன், நடுவில் சித்தி, மறுகரையில் பெரியம்மா. முன்னால் இருந்த அம்மா கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தட்டினார். கொஞ்சத் தூரம் போனதும் சித்தி தலையைச் சாய்த்தார். என் பக்கம் இல்லை, பெரியம்மாவின் தோளில். பெரியம்மா பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர்போல நேராக, விறைப்பாக, அந்தத் தோளை அசைக்காமல் இருந்தார். தோற்றது நான், ஆறுதல் சொல்ல வேண்டியது எனக்கு. கேடயத்தை இழக்க வைத்தவருடைய தோளில் போய் ஏன் சாய்கிறார் என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அதற்குப் பிறகும் வீடு அப்படியேதான் இருந்தது. கோப்பைகள் கழுவப்பட்டன. உடுப்புகள் கொழுவப்பட்டன. செய்தியில் படகு என்ற சொல் வந்தால் அப்பா ரீவியை நிறுத்துவார். நிறுத்தியதும் சித்தி வந்து திரும்பப் போடுவார். நாங்கள் இருவரும் மாலைகளில் நடந்தோம். நான் பேச்சைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு அந்த ஆற்றின் மேல் கோபம்.

அழைப்பு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது சித்தி நடைவழியில் தரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கப் பார்த்தது எவ்வளவோ நாளைக்குப் பிறகு. அம்மா அழுதுகொண்டும், அழுதுகொண்டே லண்டன் மாமியோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டும் இருந்தார். சித்தப்பா உயிரோடு இருக்கிறார். நடுக்கடலில் படகின் இயந்திரம் நின்று, மிதந்து, யாரோ இழுத்துக்கொண்டுபோய் ஓர் இந்தோனேசியத் தீவில் விட்டிருக்கிறார்கள். அங்கே அடைத்துவைத்திருந்திருக்கிறார்கள். அன்றுதான் யாரோ ஒருவரின் தொலைபேசி கிடைத்திருக்கிறது. அவர் ஒரு நாளும் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேரவில்லை. வருடங்கள் கழித்து நியூசிலாந்து அவரை எடுத்தது. சித்தி அங்கே போனார். இன்றும் ஒக்லண்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும்தான்.

பெரியம்மா வேலையிலிருந்து அப்படியே வந்தார். தலைமயிரை மூடும் வலையைக்கூடக் கழற்றவில்லை. அதோடேயே ரயிலில் வந்திருக்கிறார். அழவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். என் அட்லஸைக் கேட்டார். அந்தத் தீவைத் தேடிப் பிடித்து, விரலை வைத்து, "இது" என்றார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. சித்தி எழும்பிக் குசினிக்குப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தார்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, பேச்சைச் சொல்லு."

"எந்தப் பேச்சு?"

"எத்தினை பேச்சு இருக்கு? ஆத்துப் பேச்சு."

"போட்டி முடிஞ்சுது பெரியம்மா."

"சொல்லு எண்டால் சொல்லு."

சீருடையோடு குசினியில் நின்று சொன்னேன். பசி வேறு. அங்கோலா, நீர்யானை, கறையான், மவுன் எல்லாம் கடந்து கடலுக்கு வந்தேன்.

"பிழை" என்றார். இந்த முறை என் முகத்துக்கு நேரே பார்த்து. "பழைய முடிவைச் சொல்லு. பிழையை வாயில வச்சிருக்கப்படாது."

"ஆயினும் அந்த ஆறு கடலைக் காண்பதில்லை" என்று தொடங்கினேன். நான் சித்தியைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போவாரோ என்று. அவர் போகவில்லை. கேத்தலைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். "கலஹாரியின் மணல் அதனைக் குடித்துவிடுகிறது..."

"பெரியக்கா, அதுவும் பிழை" என்றார் சித்தி.

பெரியம்மா திரும்பினார்.

"மணல் குடிக்கிறது கொஞ்சம். கூடப் போறது ஆவியா. வெயில் குடிக்கும், மரம் குடிக்கும். நான் ஏ.எல் சோதினைக்கு ஜியோகிரபி செய்தனான், மறந்திட்டியளே?"

பெரியம்மா அவரையே பார்த்தார். தலைவலையை மெல்லக் கழற்றிக் கையில் சுருட்டினார்.

"அப்ப உனக்கு அண்டைக்கு மண்டபத்தில..."

"ஓம்" என்றார் சித்தி. "கடல் இல்லை எண்டு தெரியும்." தேத்தண்ணிக் கோப்பையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கையை விடாமல் நின்றார்.

எனக்கு இரத்தம் கொதித்தது. ஆக, பெரியம்மாவுக்குச் சரியான விடை தெரிந்திருக்கிறது. சித்திக்கும் தெரிந்திருக்கிறது. அட்லஸில் இருக்கிறது, நூலகத்தில் இருக்கிறது, எனக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நான் மட்டும் பிழையாகச் சொல்லி, மகாவலியில் மறந்துபோனவனிடம் கேடயத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். இப்போது, எல்லாம் முடிந்த பிறகு, திருத்துகிறார்களாம்.

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? இட்ஸ் நொட் ஃபெயார்" என்று கத்திவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டிலில் முகம் குப்புற விழுந்து கிடந்தேன். குசினியில் மூன்று பேரும் சிரிப்பது கேட்டது. முதலில் அம்மா, பிறகு சித்தி, கடைசியில் பெரியம்மா. பெரியம்மாவின் சிரிப்பு நடுவில் உடைந்து வேறு ஏதோ சத்தமாக மாறியது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, தலையணையைத் தூக்கிக் காதை மூடிக்கொண்டேன்.